வாசல்வரை வந்த விசில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் அக்கா பிள்ளைகள்மேல் சத்தியமாக இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நானும் மச்சானும், அதாவது அக்கா வீட்டுக்காரரும், ஆறாவது நாளாக மலையில் நடந்துகொண்டிருந்தோம். முதுகில் ஆளுக்குப் பதினைந்து கிலோ மூட்டை. காலையிலிருந்தே மச்சானுக்குத் தலைவலி, மூச்சிரைப்பு. அந்த உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருட்டுவதற்குள் கணவாய்மேல் இருக்கும் தங்குமிடத்துக்குப் போகாவிட்டால் குளிரிலேயே ஆள் காலி. "அவரைப் பத்திரமா கூட்டிட்டு வந்துடு" என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மெதுவாக நடப்பவரைத்தான் முன்னால் விட வேண்டும். மலையேறுபவர்களுக்கு அது பாலபாடம். நான் ஓர் அவசரக்குடுக்கை. முன்னால் போய்விட்டேன்.

மதியம் 1.40. ஒரு பாறையடியில் தண்ணீர் குடித்தோம். நான் கிளம்பினேன், மச்சானும் எழுந்தார். அப்போதுதான் பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் நூறு காலடிக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் விசில் ஊதுவார், பின்னால் வருகிறவர் பதிலுக்கு ஊத வேண்டும். ஊதினேன்.

பீ...ப். பதில் வந்தது.

2.10. தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பேச்சில்லை. விசில் மட்டும். மூச்சை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

2.35. மூச்சு வாங்குகிற மனுஷர் இவ்வளவு நீளமாகவா ஊதுவார்?

2.50. நான் ஊதவே இல்லை...

பதில் வந்தது.

என் காதருகே.

திரும்பினேன். யாருமில்லை.

ஓடினேன். 3.05-க்குத் தங்குமிடத்தின் கதவைத் தள்ளினேன். வாசல்வரை விசில் வந்தது.

தங்குமிடத்துக் காவலாளியை இழுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கினேன். 4.20. அதே பாறையடி. மச்சான் அங்கேயே உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். உயிர் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்போ யார் மச்சான் ஊதினது?"

"நான் எங்க மாப்ள ஊதினேன்? எனக்கு மூச்சே வரல."

காவலாளி மச்சானைத் தோளில் தாங்கித் தங்குமிடத்துக்குக் கூட்டி வந்தார். மறுநாள் காலையில்தான் வாயைத் திறந்தார்.

"இந்த வழியில நாலு பேர் செத்துப்போயிட்டாங்க. நாலு பேருமே பின்னால வந்தவங்க. முன்னால வந்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான். வாசல்வரைக்கும் விசில் வந்துச்சுன்னு."

அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. மச்சானுக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான்.

"அவ்வளவு நேரம் பக்கத்துலயே உக்காந்து என் கையப் பிடிச்சிருந்த. ஆள் வர்ற சத்தம் கேட்டதும் ஏன் மாப்ள எழுந்து போன?"