கடைமடைக்காரர்கள் உட்கார்ந்த கோடை

பூந்தமல்லிச் சந்தையில் மேடை போட்டு சுயராஜ்ஜியம் பேசியவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்கார சர்க்கார் நம் தோள்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, நாம் தோளைக் குலுக்கினால் விழுந்துவிடும் என்பார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டுவேன். ஆனால் எனக்கு வெள்ளைக்காரன் ஞாபகம் வராது. எங்கள் ஊர் மணியக்காரர்தான் குடையும் கையுமாகக் கண்முன் வந்து நிற்பார்.

எங்கள் ஊர் மாங்காட்டுக்குப் பக்கம். ஏரித் தண்ணீர் முதலில் பாய்வது தலைமடை நிலங்களுக்கு. அவை மணியக்காரருக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் சொந்தம். அவர்கள் வயல் நிறைந்து, மனமும் நிறைந்து, போதும் என்று சொன்ன பிறகு மிச்சம் மீதி கடைமடைக்கு வரும். என் நிலம் கடைமடையிலும் கடைசி. வீட்டுக்காரர் போனபின் நானே ஆள் வைத்து உழுது நட்டேன். இரண்டு வருஷமாகக் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் வராமல் பயிர் காய்ந்தது. இன்னொரு முறை காய்ந்தால் நிலத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு பிறந்த வீட்டில் போய் நிற்க வேண்டியதுதான். வாங்கிக்கொள்ள மணியக்காரர் தயாராக இருந்தார்.

தண்ணீரில்தான் தலை, கடை எல்லாம். வேலையில் கிடையாது. கோடையில் தமுக்கு அடித்தால் மறுநாள் காலை வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஏரிக்குப் போகவேண்டும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயில் தூர்ந்த மண்ணை வெட்டிக் கரையில் கொட்டவேண்டும். தலைமடை வீடுகள் நடக்கவே முடியாத கிழவர்களாகப் பார்த்து அனுப்பும். வெட்டுவது நாங்கள். என் வீட்டில் ஆண் இல்லை என்பதால் நானே போவேன்.

அந்த வருஷம் தமுக்குச் சத்தத்துக்கு முன்பே எங்கள் தெருவைக் கூட்டிச் சொன்னேன். ஒரு வருஷம் தலையிலிருந்து பாயட்டும், மறுவருஷம் கடையிலிருந்து பாயட்டும். அதற்கு ஒப்புக்கொள்ளும்வரை யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது.

என் கொழுந்தன்தான் முதலில் பின்வாங்கினான். "இன்னா அண்ணி, மணியக்காரரு சும்மா உடுவாரா? உள்ளதும் பூடும்."

"உள்ளது இன்னா கீது, சொல்லு பாக்கலாம்" என்றேன். அம்மன் கோவிலில் கற்பூரம் ஏற்றி எல்லோரும் சத்தியம் செய்தோம்.

தமுக்கு அடித்தார்கள். மறுநாள் காலை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சத்தியத்தை மீறி எவனாவது போய்விட்டானோ என்று பார்த்துவர ஏரிக்குக் கிளம்பினேன். கோடையில் அந்தப் பக்கம் வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. மண்வெட்டி தானாகத் தோளில் ஏறிக்கொண்டது. அங்கே போனால் கடைமடை முழுக்க நிற்கிறது. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஒவ்வொருவரும் வந்திருந்தார்கள், ஒவ்வொருவர் தோளிலும் மண்வெட்டி.

கரைமேல் குடை பிடித்து நின்ற மணியக்காரர் சிரித்தார். "சத்தியம்லாம் பண்ணீங்களாமே? அதான் வந்துட்டீங்க இல்ல. எறங்குங்க, வெயில் ஏறுது."

ஓரிருவர் இறங்கியும் விட்டார்கள். எனக்கு வெட்கத்திலும் கோபத்திலும் உடம்பு எரிந்தது. அந்த மனிதர் எங்களை மிரட்டவில்லை, ஆள் வைத்து அடிக்கவில்லை, நின்ற இடத்தைவிட்டு அசையவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனை நாங்கள் நம்பாததுதான் அவருடைய பலம். அது புரிந்ததும் மண்வெட்டியைத் தரையில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாங்க வேலைக்கு வரல. யாரு வந்து கீறாங்கன்னு பாக்க வந்தோம். எல்லாரும் கீறோம். இங்கியே குந்திக்கிறோம்" என்று உரக்கச் சொன்னேன்.

கொழுந்தன் பக்கென்று சிரித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கால்வாயில் இறங்கியவர்களும் மேலே ஏறி வந்தார்கள்.

அதன்பின் தினமும் காலையில் போய் உட்கார்ந்தோம். கூழ் அங்கேயே வந்தது. வீட்டில் இருந்திருந்தால் தலைமடைக்காரர்கள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக் கரைத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் எல்லோர் கண்ணிலும் இருந்தோம். வானகரத்திலிருந்து கூலிக்கு ஆள் வரவழைத்தார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு வம்பு எங்களுக்கு எதுக்கு நைனா" என்று வந்த வழியே திரும்பினார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. கால்வாய் தூர்ந்து கிடந்தால் ஏரி நிறையாது, தலைமடையும் சேர்ந்து காயும். பங்காளிகளே மணியக்காரரை நெருக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அவர் குடையை மடக்கிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார்.

"அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார்.

"இந்த வருசம். மதகாண்ட நின்னு எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க" என்றேன்.

மதகருகே போய் நின்று, இந்த வருஷம் கடையிலிருந்து பாயட்டும் என்று சொன்னார். அந்த நிமிஷமே கால்வாயில் இறங்கினோம். மழைக்கு முன் வேலை முடிந்தது.

அந்த வருஷம் தலைமடை வாய்களையெல்லாம் அடைத்துவிட்டு முதல் தண்ணீர் என் வயலுக்கு வந்தது. வரப்பில் நின்று வாய்விட்டு அழுதேன். நிலம் தங்கிவிட்டது.

தண்ணீரை எப்போது யாருக்குத் திருப்புவது என்று சொல்லும் பொறுப்பை எங்கள் தெரு என்னிடம் கொடுத்திருந்தது. எங்கள் வயல்கள் நிறைந்தபோது மணியக்காரரின் பயிர் நுனி கருகி நின்றது. அவர் வாய்க்கால் ஓரத்தில் வந்து நின்றார்.

கொழுந்தன் என் காதருகே வந்தான். "இன்னும் ரெண்டு நாளு காயட்டும் அண்ணி. நாம எவ்ளோ காஞ்சோம்."

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. என் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்காக ஒரு பெரிய மனிதர் காத்து நிற்கிறார். அந்த ருசி எனக்கும் பிடித்தது. இதைத்தான் இவர் இத்தனை வருஷமாகத் தின்றுகொண்டிருந்தார் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது. மண்வெட்டியை எடுத்து அவர் மடையை வெட்டித் திறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே தெருவைக் கூட்டினேன். இந்தப் பொறுப்பு வருஷத்துக்கு ஒரு வீடாக மாறவேண்டும், ஒரு வருஷம் கடைமடை வீடு என்றால் மறுவருஷம் தலைமடை வீடு, யார் கையிலும் தங்கக்கூடாது, என் கையிலும்தான் என்றேன்.

கொழுந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கைக்கு வந்தத யாருனா உடுவாங்களா அண்ணி?"

"மணியக்காரரும் அப்டிதான் நெனச்சாரு. அதாலதான் நாம போய் குந்தினோம்" என்றேன்.