கொலைகாரனாக இருக்க யாரும் சம்மதிக்கவில்லை

1. மறுநாள் காலை

எங்கள் துப்பறியும் நாடகத்தின் கடைசிப் பகுதி ஒளிபரப்பான மறுநாள், மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்தேன். பாரிஸின் மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் ஏறும்போதே அலுவலகக் கைத்தொலைபேசி நடுங்கத் தொடங்கிவிட்டது. நேயர்களின் குரல் பதிவுகள். அவற்றைக் கேட்டுப் பதில் அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. மற்றது, நாடகத்துக்குக் கன்டினியூட்டி பார்ப்பது. ஒரு காட்சியில் இடக்கையில் இருந்த மணிக்கூடு அடுத்த காட்சியில் வலக்கைக்குப் போகாமல் காவல் காப்பது.

முதல் பதிவு பாரிஸ் புறநகரான பொண்டியிலிருந்து. வாராவாரம் அனுப்பும் பெண்மணி. பெயர் சொல்ல மாட்டார். 'பொண்டி அக்கா' என்றே எழுதி வைத்திருந்தோம்.

"பிள்ளை, பன்ரண்டு கிழமை நான் ஏழு மணிக்கு முன்னம் சமையலை முடிச்சுப்போட்டு வந்து குந்தினனான். கடைசியிலை கொலை செய்தது லண்டன்காரனோ? அவனை எப்ப எங்களுக்குக் காட்டினனீங்கள்? காலமை ரயிலிலை வந்து குத்திப்போட்டுப் பின்னேர ரயிலிலை போட்டானாம். அவனை விடுங்கோ. கதை எழுதின ஆளைப் பிடியுங்கோ."

இரண்டாவது, தபால் துறையில் ஓய்வுபெற்ற புதுச்சேரி ஐயா.

"போன்ஜூர் மதாம். முப்பது வருஷம் போஸ்த்துல இருந்தவன் நான். அனுப்பினவர் பேர் இல்லாத பார்சல் மாதிரி ஒரு கொலைகாரனை அனுப்பியிருக்கீங்க. திருப்பி அனுப்பறேன். மெர்சி."

மூன்றாவது லண்டனிலிருந்தே வந்தது.

"ஏன், பாரிஸிலை கொலைகாரருக்குத் தட்டுப்பாடோ? எங்களிட்டை இருந்து இறக்குமதி செய்யிறியளோ?"

எல்லோருக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று அனுப்பினேன். பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் நட்பாக இருக்குமா, நக்கலாக இருக்குமா என்று யோசித்து, போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன்.

நாடகத்தின் தயாரிப்பாளரும் அலுவலகத்தின் முதலாளியும் ரவி அண்ணை. பதிவுகளைக் கேட்டுவிட்டு அவர் சந்தோஷப்பட்டார்.

"சனம் கோவிக்குது எண்டால் சனம் பாக்குது எண்டு அர்த்தம். வாற சனிக்கிழமை நேரடி நிகழ்ச்சி வைப்பம். நீரும் வந்து இரும். எல்லாம் முதலே பிளான் பண்ணினது, ரெண்டாம் பகுதியிலையே அதுக்கு ஒரு குறிப்பு இருந்தது எண்டு சொல்லும்."

"இருந்ததோ அண்ணை?"

"நீர்தானே கன்டினியூட்டி. தேடிப் பாரும்."

என் ஒப்பந்தம், இங்கே எல்லோரும் சொல்வதுபோல் 'கொந்திரா', அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. வேலை இல்லை என்றால் காப்பகத்தில் மகளின் இடம் போய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அது ரவி அண்ணைக்கும் தெரியும். அவர் மிரட்டவில்லை. "சனிக்கிழமை முடியக் கொந்திராவைப் பற்றிக் கதைப்பம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். நான் அதற்கும் குறைவானவற்றுக்கே பயப்படுகிறவள்.

2. ஜனவரியில் ஒரு தேர்

லண்டன்காரன் எப்படி வந்தான் என்பதை இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் அறிந்திருக்க வேண்டும்.

கதை எளிமையானது. ஜனவரி மாதம், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு நகைக்கடைக்காரர் தன் பூட்டிய கடைக்குள் குத்தப்பட்டு இறந்து கிடக்கிறார். சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர். முதலில் எழுதிய கதையில் கொலைகாரன் அவருடைய தொழில் கூட்டாளி. அந்த வேடத்தில் நடித்தவர் செல்வம் அண்ணை. அங்கே பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். அதற்கு முன் நடித்ததில்லை. ஆனால் அவர் நின்று பார்த்தாலே நான் செய்யாத தவறுக்கும் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். அப்படி ஒரு முகம்.

எட்டாம் பகுதி எடுப்பதற்கு முன் அவர் ஒரு பை முருங்கைக்காயுடன் அலுவலகம் வந்தார்.

"பிள்ளை, நீர் பொம்பிளைப்பிள்ளை பெத்தனீர். உமக்கு விளங்கும். என்ர மூத்தவளுக்கு ஒரு சம்பந்தம் கதைச்சுக்கொண்டிருக்கிறம். அவை இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. நான் ஒருத்தனைக் குத்திறதை அவை டிவியிலை பாத்தால்?"

"நடிப்புத்தானே அண்ணை."

"நடிப்பு எண்டு உமக்கும் எனக்கும் தெரியும். சனத்துக்குத் தெரியுமோ?"

மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் முருங்கைக்காயை வாங்கி மேசையில் வைத்தேன். ரவி அண்ணையிடம் சொன்னபோது அவர் கணினியிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

"ஒரு சின்னக் காட்சி எழுதிவிடும். கொலை நடந்த நேரம் கோயிலிலை நிண்டவர் எண்டு. அவ்வளவுதானே."

அரைப் பக்கத்தில் எழுதினேன். கோயிலில் போய்ப் படம் எடுக்கச் செலவு என்பதால், எங்களிடம் பழைய பதிவாக இருந்த தேர்த் திருவிழாக் காட்சியை இடையில் வெட்டி ஒட்டினோம். செல்வம் அண்ணையைத் தனியாக, அலுவலகச் சுவருக்கு முன்னால் கும்பிட வைத்து எடுத்தோம். அவர் வெறும் சட்டையோடு வந்தார். நான் விடவில்லை. கதையில் ஜனவரி மாதம். ஆகவே தடித்த குளிர் ஜாக்கெட் போட வைத்தேன். கன்டினியூட்டியில் எனக்கிருந்த கவனத்தை நினைத்து அன்று பெருமைப்பட்டேன். தேர் ஆவணி மாதத்துத் தேர் என்பதும், அதை இழுத்தவர்கள் வெறும் மேலோடு வியர்த்து வழிந்தார்கள் என்பதும், பகுதி ஒளிபரப்பான பிறகுதான் எனக்கு உறைத்தது.

செல்வம் அண்ணைக்கு விலக்குக் கிடைத்த செய்தி மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சந்தேக நபராக நடித்தவர் கலியாணப் படம் எடுப்பவர்.

"கொலைகாரனை ஆர் தங்கச்சி கலியாண வீட்டுக்குக் கூப்பிடுவினம்?"

மூன்றாமவர் கார் ஓட்டப் பழக்குபவர்.

"என்னோடை தனியக் காருக்கை இருக்கச் சனம் பயப்பிடாதோ?"

நான்காமவர் நடன ஆசிரியை. பிள்ளைகளின் தாய்மார் என்ன சொல்வார்கள் என்றார். ஐந்தாமவர் காரணமே சொல்லவில்லை. "எல்லாருக்கும் குடுத்தனீங்கள், எனக்கு மட்டும் என்ன?" என்றார், ஏதோ அன்னதானத்தில் தன்னைத் தாண்டிப் போய்விட்டது போல.

எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். பதினோராம் பகுதியில் ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன். கொலை நடந்த நேரம் ஐந்து சந்தேக நபர்களும் ஒரே கோயிலில், ஒரே தேருக்குப் பக்கத்தில், ஒருவரையொருவர் காணாமல் நின்றிருந்தார்கள். அட்டவணையை ரவி அண்ணையிடம் காட்டினேன்.

"பக்தியான சனம் எண்டு நினைக்கட்டும்" என்றார்.

"அப்ப ஆரண்ணை குத்தினது?"

துப்பறிபவரே குத்தினார் என்று வைக்கலாமா என்று பார்த்தோம். அந்த நடிகர், "அப்ப அடுத்த சீசனை நான் மறியலிலை, கம்பிக்குப் பின்னாலை இருந்தோ நடத்துறது?" என்று கேட்டார். அப்போதுதான் ரவி அண்ணைக்கு யோசனை வந்தது.

"லண்டன்காரன் எண்டு போடுவம். இஞ்சை ஒருத்தருக்கும் நோகாது."

கமராக்காரரை ஒரு தொப்பி ஜாக்கெட்டுக்குள் நுழைத்து, முதுகுப் பக்கமாக எடுத்தோம். அதுதான் நீங்கள் பார்த்த கொலைகாரன்.

3. நேரடி நிகழ்ச்சி

சனிக்கிழமை மேசையில் ரவி அண்ணை, செல்வம் அண்ணை, நான். என் கையில் ஒரு தாள். ஐந்து நாட்கள் தேடி, ரவி அண்ணை கேட்ட குறிப்பைக் கண்டுபிடித்திருந்தேன். இரண்டாம் பகுதியில் நகைக்கடைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதில் லண்டனின் சிவப்பு நிற இரட்டைத் தட்டு பஸ் ஒன்றின் படம். ரவி அண்ணை என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

முதல் அழைப்பில் புதுச்சேரி ஐயா வந்தார். நான் நாட்காட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"மதாம், என் வீட்டுக் காலண்டர்ல யானை இருக்கு. நாளைக்கு என்னை யானை மிதிச்சா, போலீஸ் ஆச்சரியப்படக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

ரவி அண்ணை சிரித்துச் சமாளித்தார். அடுத்து பொண்டி அக்கா. நேரே செல்வம் அண்ணையைக் கேட்டார்.

"அண்ணை, அண்டைக்குத் தேருக்கு நிண்டனீங்கள் எண்டால் ஏன் அந்தப் பெரிய ஜாக்கெட்?"

செல்வம் அண்ணையின் முகம் மாறியது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"குரலைக் கேக்க விளங்குது. மாப்பிள்ளையின்ர தாய்" என்றார்.

பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்து, "அண்டைக்குக் குளிர்" என்றார்.

"பின்னாலை ஆம்பிளையள் மேலுக்கு ஒண்டும் போடாமல் நிக்கினம். உங்களுக்கு மட்டுமோ குளிர்?"

"எனக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலோடையோ தேர் இழுத்தனீங்கள்?"

"இழுக்கேல்லை. நிண்டு பாத்தனான்."

"ஒன்பதாம் பகுதியிலை பொலிசுக்கு இழுத்தனான் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

செல்வம் அண்ணை தண்ணீர் குடித்தார். நல்ல நடிகர், ஆனால் சொந்தமாகப் பொய் சொல்லத் தெரியாதவர். நெற்றி வியர்த்தது, கண் மேசைக்குப் போனது. அதை இரண்டு கமராக்கள் எடுத்துக்கொண்டிருந்தன.

"அண்ணை, குறை நினையாதேங்கோ" என்றார் பொண்டி அக்கா. குரல் இப்போது தணிந்திருந்தது. "நாடகத்தை விடுவம். உங்களைப் பாக்க எனக்குப் பொய் சொல்ற ஆள் மாதிரிக் கிடக்கு. நான் வேற சிலதுகளும் யோசிக்கவேண்டிக் கிடக்கு."

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு நேயரின் குறை. செல்வம் அண்ணைக்கும் எனக்கும் அது ஒரு சம்பந்தம் முறியும் சத்தம்.

தாளைப் பார்த்தேன். பேசினால் ஒப்பந்தம் போய்விடும். பேசாவிட்டால், நான் எழுதிய அரைப் பக்கத்தால் ஒரு பெண்ணின் கலியாணம் போய்விடும். போகாமலும் இருக்கலாம், நான் பெரிதாக்குகிறேனோ? நாளைக்குத் தனியாகப் பொண்டி அக்காவை அழைத்துச் சொல்லலாமோ? நாளைக்கு எழுதுகிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று இருந்துதானே ஐந்து பேரைக் கோயிலுக்கு அனுப்பினேன்.

"அக்கா, அந்தக் காட்சி பிழை" என்றேன். "எழுதினது நான். ஜாக்கெட் போடச் சொன்னதும் நான். அது ஆவணித் தேர், பழைய பதிவு. அண்ணை நாங்கள் எழுதிக் குடுத்ததைச் சொன்னவர், அவ்வளவுதான். முதல் எழுதின கதையிலை கொலைகாரன் லண்டன்காரன் இல்லை. இவர்தான்."

மேசைக்குக் கீழே ரவி அண்ணையின் சப்பாத்து என் காலைத் தேடியது. கண்டும் பிடித்தது. ஏன் மாற்றினோம் என்று நான் சொல்லவில்லை. அது செல்வம் அண்ணையின் வீட்டு விஷயம்.

பொண்டி அக்கா உடனே கேட்டார்.

"இவரோ குத்தினது?"

"ஓம் அக்கா."

"அப்பிடிச் சொல்லும்! நாலாம் பகுதியிலையே நான் வீட்டிலை சொல்லிப்போட்டன், இந்த மனுசன்தான் எண்டு. ஏன் மாத்தினனீங்கள்? வடிவாக் குத்தியிருப்பார் எல்லோ?"

அப்போது செல்வம் அண்ணை மைக்கை இழுத்தார்.

"அக்கா, நான்தான் மாத்தச் சொல்லிக் கெஞ்சினனான். ஆரும் என்னைப் பற்றி என்ன நினைப்பினமோ எண்டு பயம். கொலைகாரன் எண்டு விட்டிருந்தால் நடிப்பு எண்டு விளங்கியிருக்கும். தப்பப் போய் இப்ப உண்மையாவே பொய்க்காரனாய் நிக்கிறன்."

பொண்டி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். யாருடன் பேசுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருவருமே அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

4. அதற்குப் பிறகு

மாடிப்படியில் ரவி அண்ணை என்னை மறித்தார்.

"என்ன தங்கச்சி, என்னை ஒரு சொல்லுக் கேக்காமல்?"

"கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டீங்கள் அண்ணை."

அப்படி ஒரு பதிலை நான் அதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மன்னிப்புக் கேட்டு மூன்று செய்திகள் எழுதி மூன்றையும் அழித்தேன்.

இரண்டு வாரத்தில் கடைசிப் பகுதியைத் திரும்ப எடுத்தோம். செல்வம் அண்ணை குத்தினார். பிரமாதமாகக் குத்தினார். பொண்டியிலிருந்து "இப்பதான் கதை" என்று ஒரே ஒரு பதிவு வந்தது. சம்பந்தமும் ஒப்பேறியது. லண்டன் நேயர்கள் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவர்களுக்கு 'உங்கள் கருத்துக்கு நன்றி' அனுப்பினேன்.

ஒப்பந்தத்தை ரவி அண்ணை ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார். நிரந்தரம் கேட்டேன். "உண்மை பேசுற ஆளை நிரந்தரமாக்க யோசனையாய்க் கிடக்கு" என்றார். காப்பகத்துக்கு ஆறு மாதம் போதும்.

நான் கற்றது இதுதான். 'சின்னக் காட்சிதானே' என்று யாராவது கேட்டால், அதை எழுதுமுன், பிறகு அதைத் தன் முகத்தால் தாங்கப்போகிறவர் யார் என்று பாருங்கள். மனிதரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக் கதையைக் கெடுத்தால், இரண்டும் கெடும். நேயர்கள் முட்டாள்கள் என்று நினைத்துத்தான் நாங்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். முட்டாள்களாக மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தது நாங்கள்தான்.

இப்போது இரண்டாவது சீசனுக்கு ஆள் எடுக்கிறோம். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் உறுதிப்பத்திரம் கேட்பார்களே, அதுபோல நானும் ஒன்று தயாரித்திருக்கிறேன். 'தேவைப்பட்டால் கொலைகாரனாக இருக்கச் சம்மதிக்கிறேன்' என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும். கார் பழக்குபவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "செத்த ஆளாய் வரலாமோ? செத்தவனைப் பற்றிச் சனம் ஒண்டும் சொல்லாது" என்று கேட்டார். மற்றவர்களும் அதையே கேட்கிறார்கள். சாவதற்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கொல்வதற்கு இன்னும் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. கையெழுத்து வரும்வரை ஒரு வரியும் எழுதுவதில்லை என்று ரவி அண்ணையிடம் சொல்லிவிட்டேன்.