இடது கையில் சுத்தியல்

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரில் ஒரு சிகிச்சை மையத்தில், கை செயலிழந்தவர்களை மறுபடி வேலைக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்தேன். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு ஜெர்மன் பெண்மணி என்னிடம் வந்தார். வயது அறுபத்திரண்டு. கல்லில் சிலை செய்பவர். கல்லூரியில் சிற்ப ஆசிரியரும்கூட.

விரல் பயிற்சிக்கு நான் கொடுத்த பச்சை ரப்பர் உருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டார். மறுவாரம் ஒரு பையில் ஈரக் களிமண்ணோடு வந்தார்.

"என் கைக்கு இதுதான் தெரியும்," என்றார்.

மேசையெல்லாம் மண். ஆனால் அதுவரை அசையாத கட்டைவிரல் அன்று லேசாக ஒரு பள்ளம் பதித்தது.

பிசைந்தபடியே பேசுவார். போரில் இடிந்த ஊரில், அம்மாவோடு செங்கல் பொறுக்கி, ஒட்டியிருந்த காரையைத் தட்டி அடுக்கி வளர்ந்தவர். கலைப் பள்ளியில், பெண்ணுக்குக் கல் எதற்கு என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருடம் கல்லறைக் கல் வெட்டும் பட்டறையில் வேலை செய்துவிட்டு மறுபடியும் அதே வாசலில் போய் நின்றாராம்.

ஆறு மாதம் கழித்து நான் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. "இந்தக் கை இனி சுத்தியல் பிடிக்காது."

இடது கையால் அந்தக் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "பிடிக்க வேண்டாம். உளியை இதோடு கட்டிவிடுங்கள். சுத்தியலை இடது கையில் எடுத்துக்கொள்கிறேன்."

வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வளைத்து உளியைச் செருகும்படி அவர் கைக்கு ஓர் உறை செய்தேன். சுத்தியலின் பத்து அடிக்குள் அது பிளந்தது. இரண்டாவது, உள்ளங்கையைப் புண்ணாக்கியது. அந்தக் கையில் வலி தெரியாது. ரத்தத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினோம்.

"சனிக்கிழமையும் டிரைவ் பண்ணிட்டு அந்தம்மா வீட்டுப் பட்டறைக்குப் போகணுமா?" என்றார் என் கணவர். "ஏதாவது ஆச்சுன்னா உன் தெரபிஸ்ட் லைசென்ஸே போயிடும்."

"பயமாத்தாங்க இருக்கு. ஆனா இப்ப நிறுத்த முடியாது."

நாலாவது உறை தாங்கியது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி உள்ளங்கையைப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பக்கவாதத்துக்கு முன் பாதியில் விட்ட சிலை ஒன்று அவர் பட்டறையில் இருந்தது. உட்கார்ந்திருக்கும் பெண். முழங்கால்கள் வழவழவென்று முடிந்திருந்தன. முகம் இன்னும் வெறும் கல். அந்த முகத்தை வெட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கன்னமெல்லாம் கரடுமுரடான வெட்டுகள்.

"இதையும் தேய்த்துவிடுவீர்களா?" என்று கேட்டேன்.

"மாட்டேன். இப்போது என் வெட்டு இப்படித்தான்."

கல்லூரி மரியாதையாக ஓய்வு பெறச் சொல்லிப் பார்த்தது. அவர் கேட்கவில்லை. இலையுதிர் காலத்தில் வகுப்பு தொடங்கிய அன்று நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உறை மாட்டிய கையை உயர்த்திக் காட்டி, "நானும் இந்த வருடம்தான் கற்க ஆரம்பிக்கிறேன்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. சுத்தியலை எடுத்து முதல் அடி அடித்தார், குறி தவறியது. மறுபடி அடித்தார்.

அதன் பிறகு நான்கு வருடங்கள் கற்பித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.