கிழக்கே வழிந்த பால்

என் மாமா எதிலும் தோற்றதாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள்; முக்கியமாக மாமா சொல்லமாட்டார். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில், பௌதிக ஆய்வுகூட உதவியாளர் வேலை அவருக்கு. நான் இப்போது படிக்கிற விஞ்ஞானக் கட்டடத்தை எனக்கு எட்டு வயதாக இருக்கையில் புதிதாகக் கட்டி, காலமாகிவிட்ட பேராசிரியர் ஒருவரின் பெயரைச் சூட்டினார்கள். திறப்பு விழாவில் பால் காய்ச்சும் பொறுப்பு மாமாவிடம் வந்தது. விஞ்ஞானக் கட்டடமானாலென்ன, பால் காய்ச்சாமல் குடிபுக எங்கள் ஆட்களுக்கு மனம் வராது.

பால் கிழக்கே வழிந்தால் நல்லது, தெற்கே வழிந்தால் கூடாது என்பார்கள். பேராசிரியரின் மனைவி முன்வரிசையில் இருக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் மாமாவுக்கு அதே யோசனையாகிவிட்டது.

“தெற்காலை வழிஞ்சா அந்த மனுசியின்ரை மனம் என்ன பாடுபடும்? விடமாட்டன் பிள்ளை. கிழக்காலைதான் வழியும்.”

“எப்பிடி மாமா தெரியும்?”

“பௌதிகவியல்!”

அந்தப் பௌதிகவியல் ஓர் உடைந்த ஓட்டுத் துண்டு. வாசலில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டியிருந்தார்கள். கோலத்தைத் திருத்துவதுபோலக் குனிந்து, மேற்குப் பக்கக் கல்லின் கீழே துண்டைச் செருகியது நான்தான். எட்டு வயதுப் பெண்பிள்ளையை யார் சந்தேகிப்பார்கள்? மேலே வைத்த பானை கிழக்குப் பக்கம் இலேசாகச் சாய்ந்தது. பாலும் மாமாவின் சொல்லைத் தட்டாமல் கிழக்கே வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாமா மழையையே வரவழைத்தவர்போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

பேராசிரியரின் மனைவி எழுந்து அடுப்பருகே வந்தார். நின்று பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

“உதை ஆர் வைச்சது?”

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் பயந்துபோய் உடனே மாமாவைக் கைகாட்டிவிட்டேன். அதைச் சொல்லி அவர் இன்றுவரை என்னைக் கேலி செய்யாமல் விட்டதில்லை.

அந்த அம்மா கோபிக்கவில்லை. சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கடை வீடு குடிபுகேக்கை அவரும் உப்பிடித்தான் ஒரு துண்டு வைச்சவர், தம்பி. நான் கண்டனான். கடைசிவரைக்கும் அவருக்குச் சொல்லேல்லை.”

விருந்தினரெல்லாம் சிற்றுண்டிக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் அடுப்பு ஆறும்வரை அங்கேயே இருந்தார். பிறகு அந்த ஓட்டுத் துண்டை எடுத்துத் தரும்படி மாமாவிடம் கேட்டு வாங்கி, கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு பெரிய கட்டடத்துக்கே பேராசிரியரின் பெயரை வைத்துவிட்டார்களே, இந்த உடைந்த ஓடு இவருக்கு எதற்கு என்றுதான் எனக்கு அன்று தோன்றியது.