பலம் இருபத்தைந்து

எண்பதுகளின் கடைசி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கிளார்க் வேலை பார்த்த நண்பனின் அறை. ஞாயிறு மதியங்களில் மூன்று பேர் பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். கிளார்க் கதையை நடத்துவான். பூதம், பாலம், புயல் எல்லாம் அவன் பொறுப்பு. எனக்கும், சுங்கை வே தொழிற்சாலையிலிருந்து வரும் நண்பனுக்கும் ஆளுக்கொரு வீரன். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை வீரனின் பலத்தைத் தாண்டாவிட்டால் எதிரி மேல் அடி விழுந்ததாக அர்த்தம்; தாண்டினால் அடி தவறிவிடும். சுங்கை வே நண்பனின் வில்லாளிக்குப் பலம் ஒன்பது.

என் வீரனை நான் ஒரு தொடர்கதையிலிருந்து எடுத்தேன். கப்பலேறித் தாமதமாக வந்துசேரும் வார இதழ். அதில் அவன் ஒற்றைக் கையால் கோட்டைக் கதவைப் பிடுங்குவான், சாகாவரம் வேறு. இருபத்தைந்து என்று எழுதினேன். மூன்று பகடையில் பதினெட்டுக்கு மேல் விழாது. தெரிந்துதான் எழுதினேன்.

மூன்றாம் ஞாயிறு சுங்கை வே நண்பன் எழுந்து சட்டையை மாட்டினான்.

"மச்சான், மூணு வாரமா நான் டைஸையே தொடல. ஒன் ஆளு வெட்டுறான், நான் பாத்துக்கிட்டு இருக்கேன். இதுக்கு மினி பஸ்ல தொங்கிட்டு வரணுமா? இனி வரல லா."

இருந்ததே மூன்று பேர். அவன் போனால் விளையாட்டே இல்லை.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டு வந்து கணக்குப் போட்டேன். இருபது. பதினெட்டு. பதினாறில் அவன் யாரோ வாசல் காவலாளி மாதிரி ஆகிவிட்டான். அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. கண் எரிந்தது. அத்தனை பெரிய ஒருவனைச் சுமந்துகொண்டு திரிவது எனக்கே அலுத்துப்போனது.

கிளார்க்கிடம் புலம்பினேன். தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "நம்பரக் கொறைக்காத. வரத்துல ஒரு ஓட்ட போடு. நம்ம சாமிங்க எவனுக்காச்சும் ஓட்ட இல்லாம வரம் குடுத்திருக்கா?"

தொடர்கதையில் என் வீரன் எப்போதும் தனியாகவே நின்றான். அதையே எழுதினேன்: தோழன் கையெட்டும் தூரத்தில் நின்றால் வரம் பலிக்காது, பலம் பத்து. கிளார்க் போன் போட்டு, ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சி, சுங்கை வே நண்பனை வரவழைத்தான்.

மரப்பாலத்தில் பூதம் மறித்தது. என் வீரனின் தாளைப் படித்துவிட்டுச் சுங்கை வே நண்பன் சிரித்தான்.

"நான் ஒன் ஆளு பக்கத்துலயே நிக்கிறேன்."

"டேய், தள்ளி நில்லுடா!"

"மாட்டேன் லா. உருட்டு."

பத்தைத் தாண்டிப் பதினைந்து விழுந்தது. பூதத்தின் அடியில் என் வீரன் சுருண்டான். அடுத்து நண்பன் உருட்டினான்: ஏழு. அம்பு பாய்ந்து பூதம் ஆற்றில் விழுந்தது. அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்த்தார்.

"ஒன் ஆளத் தூக்கிட்டுப் போலாமா?"

கிளார்க் விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸைப் புரட்டினான். "ஒம்பது பலத்துக்குத் தூக்க முடியாது. இழுக்கலாம்."

"அப்ப இழுக்கிறேன். பாலம் இன்னும் எவ்ளோ தூரம்?"

"பாதிகூட ஆகல."

"சரி, மிச்சத்த அடுத்த வாரம் இழுக்கிறேன்."

நான் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன். அவமானமாக இருந்தது. உடம்பு லேசாகவும் இருந்தது.