தேத்தண்ணி குடிக்காத விருந்தாளிகள்

கதவு தட்டுகிற தொழிலில், மூடியே கிடக்கிற கதவால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. திறக்கிற கதவில்தான் எல்லாம் தொடங்குகிறது. போன் கார்ட் விற்றவர்கள், தண்ணி வடிகட்டி விற்றவர்கள், எலெக்சன் காலத்தில் துண்டுப் பிரசுரம் கொண்டு படியேறினவர்கள், உங்கள் எல்லாருக்கும் இது தெரியும். கதவுக்கு உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும்போது சேர்ட் கொலரை ஒருமுறை இழுத்துவிட்டிருப்பீர்களே, அப்படி இழுத்துவிட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பளத்துக்கு நான் செய்வது இரவு வேலை. பாண் சுடுகிற பக்டரியில் சூடான பாணைத் தட்டில் அடுக்குகிறது. கதவு தட்டினது சும்மா. பகலில் எனக்கு நித்திரை வராது. மனிசி விடிய வேலைக்குப் போகிறபோது நான் வேலையால் வருவேன். லிப்ட் வாசலில் சந்திக்கிற குடும்பம் எங்களுடையது. அவள் போனபிறகு, ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் பில்டிங்கைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். அப்படி நடந்த ஒரு காலையில்தான் வீடு வீடாய்ச் சமயம் பரப்புகிற அந்த இரண்டு மோர்மன் சபைப் பெடியன்களும் என்னிடம் அகப்பட்டார்கள், அல்லது நான் அவர்களிடம். வெள்ளைச் சேர்ட், கழுத்தில் ரை, நெஞ்சில் கறுப்புப் பெயர்த்தகடு. மீசை ஒழுங்காக முளைக்காத வயதில் இரண்டு பேருக்கும் பட்டம் "எல்டர்", அதாவது மூப்பர். எல்டர் ஹில் அமெரிக்காவில் உருளைக்கிழங்குத் தோட்டம் வைத்திருப்பவரின் மகன், ஒல்லி. எல்டர் வேயா பசிபிக் கடலில் இருக்கிற தொங்கா தீவுக்காரன், கதவு நிலையை நிறைக்கிற உடம்பு. தமிழரிடம் போங்கள் என்று இவர்களை ரொறொன்ரோவுக்கு அனுப்பியிருந்தார்கள். புத்தகத்தில் படித்த தமிழை வானொலிச் செய்தி மாதிரிப் பேசினார்கள். சனம் பதிலுக்குப் பேசுகிற தமிழ்தான் அவர்களுக்கு விளங்கவில்லை. அதற்காக நான் கூடப் போகத் தொடங்கினேன். திருநீறு பூசிய நெற்றியோடுதான் போனேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடவேண்டும். பனி கரைகிற காலத்தில் வேயாவின் ஊழியத் தவணை முடிகிறது, ஊருக்குப் போகவேண்டும். வந்த நாள் தொடக்கம் அவன் கையால் ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. போவதற்குள் ஒரே ஒருவரையாவது தண்ணிக்குள் இறக்கி எழுப்பவேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. அந்த ஒருவர் நான்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வாய் நனைக்காதவர்கள்

எங்கள் மாடியில் இருக்கிற பரமேஸ் அன்ரி கதவைத் திறந்து, பெடியன்களை இருத்தி, இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவர்கள் சமயத்தில் தேத்தண்ணியும் கோப்பியும் விலக்கு. இருவரும் ஒரே நேரத்தில் கையைக் குவித்து, "மன்னிக்கவும், நாங்கள் அருந்துவதில்லை" என்றார்கள். அன்ரியின் முகம் கறுத்துப்போனது. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பிந்தி உள்ளே வந்தபோது என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, உவை எங்கடை வீட்டிலை வாய் நனைக்க மாட்டினமாம். எங்களைப் பற்றி உவைக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

ஊரில் சாதி பார்த்து, யார் வீட்டில் யார் தேத்தண்ணி குடிக்கலாம், யார் குடிக்கக் கூடாது என்றொரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரியும். அன்ரி சின்ன வயதில் அந்த வழக்கத்தால் அடிபட்டவர். அது கடல் தாண்டி வந்து, தொங்காக்காரனின் வடிவில் தன்னுடைய சோபாவில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். நான் விளங்கப்படுத்தினேன். பிரதமர் வீட்டில் கொடுத்தாலும் குடிக்கமாட்டார்கள் அன்ரி என்றேன். அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். பிறகு பாலைச் சூடாக்கிச் சீனி போட்டுக் கொண்டுபோய் வைத்தார். வேயா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையில் ஒட்டின பாலாடையையும் விரலால் வழித்தான். அன்ரிக்கு அதோடு கோபம் போய்விட்டது. பெயர்த்தகட்டைக் காட்டிச் சொன்னார்: "முதலே இதிலை எழுதி விட்டிருக்கலாமே அப்பு, தேத்தண்ணி குடியாதெண்டு. நெஞ்சிலை எவ்வளவு இடம் சும்மா கிடக்கு!"

சாமியறையில் இடம்

எங்கள் சனம் கதவை முகத்தில் அடிக்காது. அது வேறு விதமான வேதனை. மேல்மாடியில் கந்தையா அங்கிள் என்று ஒருவர் பெடியன்கள் சொன்னது முழுவதையும் கேட்டார். இடையில் கேள்விகூடக் கேட்டார். முடிவில், "நல்லது தம்பிமார், எனக்குச் சம்மதம். படம் இருந்தால் தாங்கோ" என்றார். வேயா கதிரை நுனிக்கு நகர்ந்தான். பையைத் திறந்து யேசுவின் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கடைசியில் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அங்கிள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமியறைக்குப் போனார். நாங்களும் பின்னாலே போனோம். அங்கே பிள்ளையார், முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, பெயர் தெரியாத இரண்டு அம்மன். முருகனைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிவைத்து இடைவெளி உண்டாக்கி, யேசுவை நிறுத்தி, குங்குமப் பொட்டும் வைத்தார். வேயாவின் முகம் எப்படி இறங்கினது என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் அவன் குனிந்து கும்பிட்டான். அங்கிள் அவன் முதுகில் தட்டினார். "இவரும் இருக்கட்டும் தம்பி. ஏன் வெளியிலை குளிருக்கை நிப்பான்?"

திருவலை

பரமேஸ் அன்ரியின் கணவருக்கு ஆண்டுத் திவசம் வந்தது. அன்ரி பனியில் சறுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தார். கடையில் விற்கிற உறைந்த தேங்காய்ப்பூவில் திவசச் சமையல் செய்ய அவருக்கு மனமில்லை. மகன் சுதன் வங்கியில் பெரிய வேலை; தேங்காயை உடைக்கத் தெரிந்ததே பெரிய காரியம். தேங்காய் துருவுகிற திருவலையில் ஏறி இருந்து, விரல் முட்டியில் இரத்தம் வர வைத்துவிட்டு எழும்பினான். அந்த நேரம் பார்த்துப் பெடியன்கள், படி கூட்ட, சாமான் தூக்க ஏதாவது உதவி வேணுமோ என்று கேட்டு வந்தார்கள். அதுவும் அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

வேயா திருவலையைப் பார்த்தான். ஊரிலிருந்து வந்த உறவைக் கண்டமாதிரிச் சிரித்தான். கோட்டைக் கழற்றி ஹில்லிடம் கொடுத்தான். ரையைத் தூக்கி முதுகுப் பக்கம் எறிந்தான். பலகையில் காலைப் பரப்பி இருந்து, பாதித் தேங்காயைக் கைக்குள் பொத்தித் திருவத் தொடங்கினான். ஓட்டின் கறுப்பு ஒரு துணுக்குக்கூடப் படாமல் வெள்ளைவெளேரென்று பூ கொட்டினது. அவனுடைய தீவிலும் இப்படித்தானாம். இருந்து திருவுகிற பலகை, ஆண்பிள்ளைகளின் வேலை. "அம்மா, ஹீஸ் பெட்டர் தான் யூ" என்றான் சுதன், விரலைச் சூப்பிக்கொண்டு. அன்ரி மகனைத் திரும்பிப் பார்த்தார். "அவன் என்னைவிடத் திறமெண்டதை நானே சொல்லுவன். நீ போய்ப் பிளாஸ்ரர் ஒட்டு."

லோறன்ஸ் பஸ்ஸில்

இவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக்கூடாது. ஒருவன் கண்ணில் மற்றவன் எப்போதும் படவேண்டும் என்பது ஒழுங்கு. அதனால் ஹில் என்னிடம் தனியாக ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் வேயா நித்திரை கொள்ளவேண்டும். ஒரு பின்னேரம், லோறன்ஸ் வீதியில் ஓடுகிற பஸ்ஸின் சூட்டில், வேயா கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். ஹில் குரலைத் தாழ்த்தி இங்கிலிஷில் சொன்னான். வேயாவின் அப்பா, இதேபோல வீடு வீடாய் வந்த ஒரு பெடியன் கையால் கடலில் ஞானஸ்நானம் எடுத்தவராம். மகன் இங்கே வெளிக்கிட்டபோது ஊரே பன்றி சுட்டு விருந்து வைத்ததாம். அவன் திரும்பிப் போய் அந்தச் சபையில் எழும்பிப் பேசவேண்டும். இன்னாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று சொல்ல அவனிடம் ஒருவரும் இல்லை.

ஞானஸ்நானத்துக்கு உடுக்கிற வெள்ளை உடுப்பு ஒன்றை என்னுடைய அளவில் வேயா தேடி எடுத்து வைத்திருக்கிறான் என்றும் ஹில் சொன்னான். என்னுடைய அளவு அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உங்கள் ஜக்கெற்றை வாங்கி மாட்டுகிறபோது கழுத்து லேபிளில் பார்த்தான் என்றான். நான் வெளியே பார்த்தேன். அடுத்த தரிப்பில் ஆட்கள் இறங்கி முடிய ஹில் சொன்னான்: "ஜெபம் செய்கிறபோது உங்கள் பெயரைத்தான் முதலில் சொல்கிறான். அப்பாவின் பெயர் அதற்குப் பிறகுதான்."

குறையாத பேணி

அதன்பிறகு நான் தேத்தண்ணியை விட்டேன். தண்ணிக்குள் இறங்குவதென்றால் முதலில் அதை விடவேண்டும். ஒருவருக்கும் சொல்லவில்லை. இரவு வேலைக்காரனுக்குத் தேத்தண்ணி என்னவென்று உங்களுக்கு விளங்கும். அதுவும் என்னுடையது பாணிமாதிரிச் சீனி போட்ட, பால் விடாத பிளேன்ரீ; டொக்டர் சொல்லியும், மனிசி சண்டை பிடித்தும், ஒரு கரண்டிகூடக் குறையாத சீனி. முதல் நாள் தலையிடி கண்ணுக்குப் பின்னால் வந்து குந்தினது. அடுத்த நாள் வெள்ளைப் பாணுக்குப் போடவேண்டிய தட்டில் பன்னை அடுக்கினேன். வேலை முடிந்து கார்ட் அடிக்கிறபோது, பக்கத்தில் நிற்கிற சிவா என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணை, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டான்.

வீட்டில் இதைத் தேயிலை போட்டுவைக்கிற பேணியால் கண்டுபிடித்தவள் மனிசி. அதில் மட்டம் அப்படியே இருந்தது. லிப்ட் வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பஸ் பிந்துகிறது, எனக்குத் தலை வெடிக்கிறது. "உங்களுக்கு அந்தச் சாமியிலை நம்பிக்கை வந்திட்டுதெண்டால் நான் மறிக்கேல்லை" என்றாள். லிப்ட் கதவு சாத்தப் பார்த்தது. அவள் குடையை நடுவில் நீட்டி அதை மறித்தாள். "அந்தப் பெடியன்ரை முகத்தைப் பாத்திட்டுத் தண்ணிக்கை இறங்கிறியளெண்டால், அவன் பிளேன் ஏறின பிறகு உங்களை ஆர் துடைச்சுவிடுறது?"

கடைசி வருகை

ஊருக்குப் போவதற்கு முந்தின கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். வேயாவின் மடியில் ஒரு துணிப் பை இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெள்ளை ஓரம் ஒன்று வெளியில் தெரிந்தது. அவன் கேட்கவில்லை. ஊரில் இப்போது மாம்பழக் காலம் முடிந்திருக்கும் என்று என்னவோ கதைத்துக்கொண்டிருந்தான். நானே தொடங்கினேன்: "நான் இறங்கிறன் தம்பி. எப்ப எண்டு சொல்லும்."

ஹில் துள்ளி எழும்பினான். வேயா எழும்பவில்லை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். என் கதிரைக்குப் பக்கத்தில் எப்போதும் கோப்பை இருக்கிற இடத்தைப் பார்த்தான். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னுடைய கையைப் பார்த்தான்.

"அண்ணை, இது உண்மை என்று நீங்கள் நம்புகிறீர்களா?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உம்மை நம்புறன்" என்றுதான் வந்தது.

அவன் தலையைக் குனிந்தான். அந்தப் பெரிய தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. "அது போதாது அண்ணை" என்றான். "எனக்காக நீங்கள் இறங்க ஏலாது." ஹில் ஏதோ சொல்லப்போனான், வேயா கையைக் காட்டி மறித்தான். வெளியே தெரிந்த வெள்ளை ஓரத்தை விரலால் உள்ளே தள்ளி, பையைக் கதிரைக்குக் கீழே வைத்தான். எழும்பிக் குசினிக்குப் போனான்.

கேத்தில் இரைகிற சத்தம் கேட்டது. பேணி மூடி திறக்கிற சத்தம். ஹில் ஒழுங்கின்படி கண்ணில் படுகிற இடத்துக்கு நகர்ந்து, வாசலில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனிசி சமைக்கிறபோதுகூட நான் இவ்வளவு கவனமாகக் காது கொடுத்தது இல்லை. தேயிலையைக் கரண்டியால் அல்ல, தேங்காய்ப்பூ அள்ளுகிறமாதிரிக் கையால் அள்ளிப் போட்டிருக்கவேண்டும். சீனிப்பேணி அசைகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. சீனி போடும் என்று நான் கேட்கவில்லை.

கறுகறுவென்று, கோப்பை விளிம்பு வரைக்கும் கொண்டுவந்தான். இரண்டு கையாலும் நீட்டினான். நான் ஒரு மிடறு குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு முன்னால் நின்றான். "குடியுங்கோ அண்ணை. நான் இதைக் குடிச்சதில்லை. சரியோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

அன்று நான் சரியென்று சொல்லிவிட்டதால், டொக்டரும் மனிசியும் இவ்வளவு காலம் பிரசங்கம் வைத்தும் திருந்தாத நான், ஒருவரையும் மாற்றமுடியாமல் ஊர் போன அந்தப் பெடியன் கையால் சீனி போடாமல் தேத்தண்ணி குடிக்கிறவனாகிவிட்டேன்.