இரண்டு சதவீதம்

பிறருடைய மேசை இழுப்பறையை நான் திறந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பதியில் எங்கள் மருத்துவமனையின் கதிர்சிகிச்சைப் பிரிவில் வாசல் காவலரைத் தவிர யாரும் இல்லை. இழுப்பறைக்குள் மூக்குக்கண்ணாடிக் கூடு, சீரகம் போட்ட ஒரு சின்ன டப்பா, ரப்பர் பேண்ட் போட்ட துண்டுக் காகிதங்கள். ஒவ்வொரு காகிதத்திலும் தேதியும், அதன் கீழே பென்சிலில் மூன்று எண்களும் இருந்தன. அவற்றை அந்த இடத்திலேயே நம்பியிருந்தால் அடுத்த மூன்று நாட்களின் அவமானம் எனக்கு மிஞ்சியிருக்காது. ஆனால், நான் தேடி வருவேன் என்று தெரிந்தே எழுதி வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

அந்த மேசைக்குரியவர் எங்கள் மூத்த இயற்பியலாளர். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பழைய கோபால்ட் எந்திரம் இருந்த காலத்திலிருந்தே இந்தப் பிரிவில் இருப்பவர். தலைமை இயற்பியலாளர் பொறுப்பு அவருக்குத்தான் போகும் என்று எல்லாரும் நினைத்திருக்க, வெளியிலிருந்து வந்த என்னை அதில் அமர்த்தினார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். அந்த மரியாதையைக்கூட நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருமலையில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் நான். அவரோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அந்த நேரத்தில் அவர் வரமாட்டார் என்று கணக்குப் போட்டுத்தான் அன்று அங்கே போயிருந்தேன். இன்று எழுதும்போதும் கூசுகிறது.

என் சந்தேகத்துக்குக் காரணம் அவருடைய கணக்குகளின் சுத்தம். எந்திரம் சரியான அளவில் கதிர்வீச்சைத் தருகிறதா என்று நோயாளிகள் வருமுன் தினமும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். சரியான அளவு நூறு என்றால், அவர் எழுதியவை நூறு, நூறு புள்ளி ஒன்று, மறுபடியும் நூறு. எந்த எந்திரமும் அத்தனை ஒழுக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. அளக்காமலே எழுதுகிறார் என்று முடிவு கட்டினேன். அந்த ஞாயிறன்று நானே அளந்தேன். அளக்கும் கருவிக்குள் காற்று இருப்பதால் அன்றைய காற்றழுத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவரில் ஒரு அழுத்தமானி தொங்கியது. அவர் கைபட்டது என்பதாலேயே அதை ஒதுக்கிவிட்டு, என் கைபேசி காட்டிய எண்ணைப் போட்டேன். எந்திரம் இரண்டு சதவீதம் குறைவாகத் தருவதாக வந்தது. எனக்கு வருத்தத்தைவிட வெற்றிதான் தெரிந்தது.

திங்கட்கிழமை எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். "சார், அளந்துட்டுத்தான் எழுதறீங்களா?"

"அளந்துதான் மேடம் எழுதிக்கினு வரேன். மூணு தரம் அளப்பேன்."

"அப்போ ரெண்டு பர்சென்ட் எங்கே போச்சு? இன்னிக்கு மெஷின் அளவை ஏத்தி வைக்கப்போறேன். நீங்களும் கையெழுத்துப் போடணும்."

அவர் முகம் சிவந்தது. குரல் உயரவில்லை. "போடமாட்டேன் மேடம். தெரியாம ஏத்தினா வெளிய உக்காந்துக்கினு இருக்கிறவங்களுக்குத்தான் அதிகமாப் போவும்."

குற்றமுள்ளவரின் பிடிவாதம் என்று எண்ணி, பிரிவுத் தலைவரான டாக்டரிடம் போனேன். அவர் என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு ரோஜுலு ஆகண்டி" என்றார் தெலுங்கில். அந்த இரண்டு நாள் பொறுப்பதற்குள், அவரும் இதில் கூட்டோ என்று நினைத்தேன்.

புதன்கிழமை, நான் கூப்பிட்டதன் பேரில், வேலூரிலிருந்து என்னுடன் படித்த நண்பர் தன்னுடைய கருவிகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு வந்தார். அளந்தார். நூறு. சுவரில் தொங்கியதும் அவர் கொண்டுவந்ததும் ஒரே அழுத்தத்தைக் காட்டின. என் கைபேசி மட்டும் கூடுதலாகக் காட்டியது. நண்பர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இது கடல் மட்டத்துக்கு மாத்திக் காட்டற கணக்கும்மா. திருப்பதி என்ன கடலோரத்துலயா இருக்கு?"

அழுத்தத்தைக் கூட்டிப் போட்டால் எந்திரம் குறைவாகத் தருவதுபோல வரும்; மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கும் பாடம் அது. என் பேச்சைக் கேட்டு எந்திரத்தின் அளவை ஏற்றியிருந்தால், வாசலில் காத்திருந்த அத்தனை பேர் உடம்பிலும் தேவைக்கு மேல் கதிர் பாய்ந்திருக்கும். சின்ன அளவுதான். அந்தச் சின்ன அளவுக்காகத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எல்லார் முன்னாலும் கேட்டதால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இழுப்பறையைத் திறந்ததை மட்டும் சொல்லவில்லை. அவர், "சந்தேகப்பட்டது தப்பில்ல மேடம். அளக்கும்போது கூட வந்து நின்னிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அன்றைய வேலையைப் பார்க்கப் போனார். ஓய்வு பெறும் வரை அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அந்த மௌனத்தையும் சில ஆண்டுகள் நான் சந்தேகித்தேன்.

போன மாதம் அவர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கே சிகிச்சைக்கு வந்தார். எங்களைவிடச் சித்தூருக்கு வேலூர்தான் பக்கம். அங்கே பெரிய மருத்துவமனை, பெரிய எந்திரங்கள். என் மனம் பழையபடி வேலை செய்தது: என்னைச் சோதிக்க வந்திருக்கிறாரோ? முதல் நாள் அந்த அம்மாவை உள்ளே படுக்க வைத்து, தடித்த கதவு மூடியபிறகு, வெளியே பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த முறை கேட்டுவிட்டேன். "ஏன் சார் இங்கே கூட்டிண்டு வந்தீங்க?"

அவர் கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க லேசுல யாரையும் நம்பமாட்டீங்க மேடம். அதான் கூட்டிக்கினு வந்தேன்."